சனி மூலையில் நிற்கும் குழாய்

நீடாமங்கலம் ரயில்வே கேட் எப்போது திறக்கும் என்று கேட்பவர் வெளியூர்க்காரராகத்தான் இருப்பார். நாங்கள் கேட்பதில்லை. கேட் போட்டதும் டிரைவர் வண்டியை அணைப்பார், கண்டக்டர் டீ குடிக்க இறங்குவார், பாதி பஸ் அவர் பின்னாலேயே இறங்கும். ரயில் வந்த பிறகும் இன்ஜினைக் கழற்றித் திருப்பி மாட்டுகிற வேலை ஒன்று நடக்கும். அதுவரை ரோட்டில் இரண்டு பக்கமும் வண்டிகள் சேர்ந்துகொண்டே போகும்.

அன்றைக்கு நான் தஞ்சாவூரிலிருந்து வந்துகொண்டிருந்தேன். ஆடி மாதம். மகளுக்கு ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. மடியில் பிரசவ லேகியத்துக்கு வேண்டிய மருந்துச் சாமான். சுக்கும் திப்பிலியும் சேர்ந்து பஸ் முழுக்க மணத்தது. இவ்வளவு சீக்கிரம் யாராவது வாங்குவார்களா என்று நாட்டு மருந்துக் கடைக்காரரே கேட்டார். எனக்கு ஒரே பெண். கணவர் கத்தாரில். வீட்டையும் வயலையும் நான் ஒருத்திதான் பார்த்துக்கொள்கிறேன். கல்யாணமான பிறகு அவள் என்னோடு சேர்ந்தாற்போல் ஒரு வாரம் இருந்ததில்லை. வந்தால் மறுநாளே கிளம்பிவிடுவாள். தலைப்பிரசவம் அப்படி இல்லை. ஒன்பதாம் மாதம் வளைகாப்பு போட்டுத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்தால், குழந்தைக்கு மூன்று மாதம் ஆகிறவரை என்னோடுதான். அதை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கேட்டுக்கு அந்தப் பக்கம் வரிசையின் முன்னால் ஒரு நீளமான டிரெய்லர் நின்றது. அதற்கு முன்னே ஒரு போலீஸ் ஜீப், பின்னே ஒன்று. டிரெய்லர் மேல் கல்யாண மண்டபத்து அண்டாவைப் படுக்க வைத்ததுபோல் பெரிதாக ஏதோ ஒன்று, தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு மஞ்சள் தகடு. அதில் கறுப்பாக மூன்று இறக்கைகள். வேடிக்கை பார்க்கப் போனவர்களைப் போலீஸ்காரர்கள் விரட்டினார்கள். சும்மா விட்டிருந்தால் பாதிப் பேர் பார்த்துவிட்டு டீக்கடைக்குப் போயிருப்பார்கள். விரட்டினால் நம் ஆட்கள் விடுவார்களா? எல்லாரும் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள்.

கேட் திறந்ததும் அந்த டிரெய்லர் எங்கள் பஸ்ஸை ஒட்டிக்கொண்டு மெதுவாகக் கடந்தது. மஞ்சள் தகடு என் ஜன்னலுக்கு நேராக வந்தது. கையை நீட்டியிருந்தால் தொட்டிருக்கலாம். நான் ஏனோ மடியில் இருந்த பையை ஜன்னலை விட்டுத் தள்ளி நகர்த்தி வைத்துக்கொண்டேன்.

நான் வீடு போய்ச் சேர்வதற்கு முன்பே அந்தப் படம் என் போனுக்கு வந்துவிட்டது. அணுக்கழிவு வருகிறது, டெல்டாவில் மூடிக் கிடக்கும் எண்ணெய்க் கிணறுகளில் போட்டுப் புதைக்கப் போகிறார்கள் என்று அதன்கீழ் எழுதியிருந்தது. எழுதியது யார் என்று இன்றுவரை தெரியாது. மறுநாள் பால் வாங்கப் போன இடத்தில் எல்லாரும் அதைத்தான் பேசினார்கள். பேசிவிட்டு என்னைப் பார்த்தார்கள். எங்கள் ஊரில் மூடின எண்ணெய்க் கிணறு இருப்பது எங்கள் வயலில்தான்.

மகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் தோண்டினது அது. சில மாதம் எங்கள் வீட்டு அலமாரியில் டம்ளர்கள் நடுங்கிக்கொண்டே இருந்தன. எதிர்பார்த்தது கிடைக்கவில்லை என்று சிமெண்ட் ஊற்றி மூடிவிட்டுப் போய்விட்டார்கள். வயலின் வடகிழக்கில், நாங்கள் சனி மூலை என்று சொல்கிற இடத்தில், ஒரு சிமெண்ட் மேடையும் அதன் நடுவில் இடுப்புயரத்துக்கு ஒரு இரும்புக் குழாயும் மிச்சம். குழாயின் வாயை இரும்புத் தட்டு வைத்துப் பற்றவைத்து அடைத்திருந்தார்கள்.

நடவு தொடங்கும்போது முதல் நாற்றை சனி மூலையில்தான் வைப்போம். சுற்றிலும் சேறாக இருக்க, மேடை மட்டும் காய்ந்து கிடக்கும். அதனால் நடவுப் பெண்கள் கற்பூரத்தை அதன்மேல் கொளுத்த ஆரம்பித்தார்கள். அப்புறம் தேங்காயை அதில் உடைத்தார்கள். போகப் போகக் குழாய்க்கும் மஞ்சள் பூசி ஒரு பொட்டு வைத்துவிட்டார்கள். இது சாமி இல்லை, எண்ணெய்க் கம்பெனிக் குழாய் என்று நான் ஒரு தடவை சொன்னேன். தெரியும், ஆனால் இந்த மூலையில் வேறு எதுவும் நிற்கவில்லையே என்றார்கள். அவர்களோடு வாதாட முடியாது.

போராட்டம் ஆரம்பித்தது. மஞ்சள் தட்டியில் அந்த மூன்று இறக்கையை வரைந்து பெருக்கல் குறி போட்டுக் கடைத்தெரு முழுக்கக் கட்டினார்கள். வரைந்தவருக்கு அது சரியாகப் பிடிபடவில்லை. நடுப் புள்ளியைப் பெரிய வட்டமாகப் போட்டு மேலே ஒரு கம்பியும் இழுத்துவிட்டார். பார்த்தவர்கள் மின்விசிறிக்கு என்ன எதிர்ப்பு என்று கேட்டார்கள். நானும் சிரித்தேன். அந்த ஆடி மாதம் எங்களால் அதைப் பற்றிச் சிரிக்க முடிந்தது.

தாலுகா ஆபீசில் கூட்டம் போட்டார்கள். நான் போனேன். வந்திருந்த அதிகாரி தன்மையாகத்தான் பேசினார். அந்த வண்டியில் போனது கழிவு இல்லை, இந்தப் பக்கத்தில் எதையும் புதைக்கும் திட்டம் கிடையாது என்றார். அப்படியானால் வண்டியில் இருந்தது என்ன என்று ஒருவர் கேட்டார். பாதுகாப்புக் காரணத்தால் அதைச் சொல்ல இயலாது என்றார் அதிகாரி. அதற்கப்புறம் அவர் சொன்ன எதையும் யாரும் காதில் வாங்கவில்லை. அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டுதான் வருஷா வருஷம் கடைமடைக்கு இன்னும் சில நாளில் தண்ணீர் வந்துவிடும் என்கிறார்கள். நாற்று கருகின பிறகும் அதையேதான் சொல்வார்கள். வாய்க்காலில் வருகிற தண்ணீரைப் பற்றியே இப்படியென்றால், மண்ணுக்கு அடியில் போகிறதைப் பற்றி இவர்கள் சொல்வதை எதை வைத்து நம்புவது?

ஒரு கல்லூரி வாத்தியாரும் பேசினார். அந்த மாதிரிக் கழிவைக் கண்ணாடியோடு உருக்கி, இரும்புக் கலத்தில் அடைத்து, கெட்டியான பாறைக்குள் ஆழத்தில் வைக்க வேண்டும் என்றுதான் உலகத்தில் யோசிக்கிறார்கள், ஆறு கொண்டுவந்து போட்ட வண்டலில் வைக்க எவனும் துணிய மாட்டான் என்று விளக்கினார். எனக்கு அது சரியாகப் பட்டது. எத்தனை காலம் அதைக் காக்க வேண்டும் என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். பல ஆயிரம் வருஷம் என்றார் வாத்தியார். அவ்வளவு காலம் கழித்து வருகிறவர்களுக்கு நம் பாஷை தெரியாமல் போகலாம், ஆகவே பார்த்ததும் அபாயம் என்று புரிகிற மாதிரி என்ன அடையாளம் நடுவது என்றும் பெரிய பெரிய ஆட்கள் யோசிக்கிறார்களாம்.

எங்கள் குழாயில் பூசியிருந்த மஞ்சள் ஞாபகம் வந்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பஸ்ஸில் திரும்பும்போது அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. எந்த அடையாளத்தை நட்டாலும் எங்கள் ஆட்கள் கொஞ்ச வருஷத்தில் அதற்குப் பொட்டு வைத்துவிடுவார்கள். நூறு வருஷம் போனால் புடவை சாத்திவிடுவார்கள். அதன் பக்கத்திலேயே அடுப்பு மூட்டிப் பொங்கல் வைத்து, பச்சைக் குழந்தைகளைக் கொண்டுவந்து அதன் காலடியில் போடுவார்கள். அவர்களிடம் வேண்டாம் என்று சொல்ல அப்போது யார் இருப்பார்கள்? அன்றைக்குத்தான் எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது. எங்கள் குழாயைப் பற்றி இல்லை. இன்னும் பிறக்காதவர்களைப் பற்றி.

புரட்டாசியில் நடவு வைத்தேன். காலையில் வழக்கம்போல் மேடையில் கற்பூரம் கொளுத்தி, குழாய் ஓரமாக முதல் நாற்றை ஒரு கைப்பிடி ஊன்றிவிட்டுப் பெண்கள் எதிர் மூலையிலிருந்து நட்டுக்கொண்டு வந்தார்கள். வெயில் ஏறும்போது ஒரு ஜீப் வந்தது. மூன்று பேர் இறங்கினார்கள். மூடின கிணறுகளை அவ்வப்போது வந்து பார்ப்பது வழக்கம்தான் என்றார்கள். இருக்கலாம். இதற்கு முன்னால் வந்திருந்தாலும் நாங்கள் கவனித்திருக்க மாட்டோம். ஒருவர் கையடக்கமான ஒரு பெட்டியைக் குழாயைச் சுற்றி நீட்டிப் பார்த்தார். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். வாயு ஏதாவது கசிகிறதா என்று பார்ப்பதாகச் சொன்னார்.

வரப்பில் கால் வைத்தவர் யாராக இருந்தாலும் மோர் கொடுக்காமல் அனுப்புகிற பழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. சண்டைக்கு வந்தவனும் குடித்துவிட்டுத்தான் சண்டையைத் தொடங்குவான். நடவு ஆட்களுக்காகக் கொண்டுவந்த தூக்கிலிருந்து மோரை ஊற்றி நீட்டினேன். வேண்டாம்மா என்றார் ஒருவர். மற்ற இருவரும் கையை மட்டும் அசைத்தார்கள். ஜீப்புக்குத் திரும்பிப் போய்ப் பாட்டிலில் இருந்த தண்ணீரைக் குடித்தார்கள்.

இந்தக் காலத்தில் வெளியூர்க்காரர் யார் கண்ட இடத்தில் குடிக்கிறார்கள்? என் மாப்பிள்ளையே பாட்டிலோடுதான் எங்கள் வீட்டுக்கு வருவார். ஆனால் நான் திரும்பிப் பார்த்தபோது நடவு நின்றுபோயிருந்தது. அத்தனை பெண்களும் குனிந்த முதுகை நிமிர்த்தி, கையில் நாற்றோடு அந்த ஜீப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நடவுக்கு ஆள் கூட்டி வருகிறவள் என் வயதுக்காரி. அவள்தான் வரப்புக்கு வந்தாள். "அக்கா, அந்தக் கிணத்தப் பத்தித் தெரிஞ்சவங்க அவங்கதான். அவங்களே நம்ம மோர வாயில வைக்கலையே."

"ஒத்துக்காம இருக்கும்."

"மூணு பேருக்குமா ஒத்துக்காது?"

கூட்டத்தில் வாத்தியார் சொன்ன பாறையும் வண்டலும் எனக்கு ஞாபகம் இருந்தன. ஆனால் கையில் மோர் டம்ளரோடு நின்றுகொண்டு அதை எப்படிச் சொல்வது? சாயங்காலம் நடவு முடிந்தபோது சனி மூலையை மட்டும் விட்டுவிட்டுக் கரையேறிவிட்டார்கள். நான் கெஞ்சவும் இல்லை, திட்டவும் இல்லை. வயல் முழுக்கப் பச்சை, மூலையில் மட்டும் கறுப்பாகச் சேற்றுத் தண்ணீர். அதன் நடுவில் காலையில் சாமி கும்பிட்டு ஊன்றிய ஒரு கைப்பிடி நாற்று தனியாக நின்றது. ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்தே அது தெரிந்தது.

மோர் வாங்கிக் குடிக்காத கதை எங்களுக்கு முன்னால் கும்பகோணம் போய்விட்டது. சம்பந்தி வீடு அங்கேதான். அந்த வாரமே சம்பந்தியம்மா போன் செய்தார். நயமாகப் பேசுகிறவர். வயல் எப்படி, தண்ணீர் எப்படி என்று விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. வளைகாப்ப வழக்கம்போல பண்ணிடுவோம். பிரசவம் மட்டும் இங்கயே இருக்கட்டும். தலைப்பிள்ளை. நாளைக்கு ஒண்ணுன்னா நம்ம யாரப் போயிக் கேக்கறது?"

சரிங்க, யோசிப்போம் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அப்புறம் வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். கேட்க வீட்டில் யாரும் இல்லாததால் நன்றாகவே பேசினேன். இருபத்தைந்து வருஷமாக நான் இந்தத் தண்ணீரைக் குடிக்கிறேன், இந்த அரிசியைத் தின்கிறேன், இதே வீட்டில்தான் அவர்கள் வீட்டு மருமகளைப் பெற்று வளர்த்தேன். பெண் எடுக்கும்போது இனித்த ஊர் இப்போது விஷமாகிவிட்டதா? மானம் போனதுபோல் இருந்தது. அழுதேன். மறுநாள் மகள் கூப்பிட்டாள். அத்தை கிடக்கிறார்கள், நான் அங்கேதான் வருவேன் என்றாள். கொஞ்ச நேரம் வேறு எதையோ பேசினாள். பிறகு, நம் வீட்டு போர் தண்ணீர் நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றேன்.

அவள் கேட்காமல் இருந்திருக்கலாம். அன்றிலிருந்து ஒவ்வொரு குடம் பிடிக்கும்போதும் அந்தக் கேள்வி என்னோடு நின்றது. பாட்டிலில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு தஞ்சாவூரில் பரிசோதனை செய்கிற இடத்துக்குப் போனேன். அங்கே இருந்த பெண் பொறுமையாக விளக்கினாள். உப்பு பார்ப்பார்கள், இரும்பு பார்ப்பார்கள், கிருமி பார்ப்பார்கள். நான் கேட்பதைப் பார்க்க அவர்களிடம் கருவி இல்லை. எங்கே பார்ப்பார்கள் என்று அவளுக்கும் தெரியவில்லை. தண்ணீர் குடிக்கலாம் என்றுதான் முடிவு வந்தது. அந்த முடிவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

கணவரிடம் சொன்னேன். போனில் வருகிற கண்டதையும் நம்பாதே, ஒன்றும் இருக்காது என்று சிரித்தார். போனை வைக்கப் போகும்போது, எதற்கும் குடிக்கிற தண்ணீரை மட்டும் கேனில் வாங்கிக்கொள் என்றார். ஒன்றும் இல்லையென்றால் கேன் எதற்கு என்று கேட்டேன். அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

மகளுக்காகக் கிழக்குப் பார்த்த அறையை வெள்ளையடித்து வைத்திருந்தேன். ஒரு மத்தியானம் அங்கே கொஞ்சம் படுத்தேன். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மின்சாரம் நின்று இறக்கைகள் மெதுவாகி, மூன்றும் தனித்தனியாகத் தெரிந்தபோது என்னால் அங்கே படுத்திருக்க முடியவில்லை. எழுந்து வெளியே வந்துவிட்டேன். கடைத்தெருவில் அந்தத் தட்டியைப் பார்த்துச் சிரித்தவள்தான் நான். வயலில் நண்டு செத்து மிதந்தால் முன்பெல்லாம் பக்கத்து வயலில் மருந்தடித்திருப்பார்கள் என்று போய்விடுவேன். இப்போது நின்று பார்த்தேன். குழாயின் மேல் கொக்கு உட்கார்கிறதா என்று பார்த்தேன். உட்கார்ந்தால், பாவம் அதற்குத் தெரியவில்லை என்று தோன்றும். உட்காராவிட்டால், அதற்குத் தெரிந்துவிட்டது என்று தோன்றும்.

ஐப்பசி பிறந்ததும், இது என் வயல், இதற்கு நான் பயந்தால் எவள் பயப்பட மாட்டாள் என்று எனக்கே கோபம் வந்தது. மிஞ்சிக் கிடந்த நாற்று முடிச்சுகளை எடுத்துக்கொண்டு காலையில் தனியாகப் போய் சனி மூலையில் இறங்கினேன். நான் நடவு நட்டு வெகு நாளாகியிருந்தது. முழங்கால் வரை சேறு. குனிந்து விரலை உள்ளே விட்டேன். குளிர்ச்சியாக இருந்தது. பக்கத்துச் சேற்றுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அதே வாடை, அதே வழுவழுப்பு. நட்டுக்கொண்டே குழாய்வரை போனேன். எதுவும் இல்லை, எதுவும் இல்லை என்று ஒவ்வொரு குத்துக்கும் எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

பாதியில் நிறுத்திவிட்டேன். இருந்தாலும் இப்படித்தானே இருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த வாத்தியார் சொல்லியிருந்தார், அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது, சூடும் தெரியாது, கையால் தொட்டால்கூடத் தெரியாது என்று. பாம்பு இருந்தால் அரவம் கேட்கும். பூச்சிமருந்து என்றால் மூக்குக்குத் தெரியும். இங்கே நான் தொட்டுப் பார்த்து எதுவும் இல்லை என்று கண்டுபிடித்ததே எனக்குப் பெரிய பயமாகிவிட்டது. மிச்ச நாற்றை வரப்பில் போட்டுவிட்டு வாய்க்காலில் கைகால் கழுவினேன். வீட்டுக்குப் போய்த் திரும்பவும் கழுவினேன்.

கார்த்திகையில் கும்பகோணத்தில் வளைகாப்பு நடந்தது. மகள் இரண்டு கை நிறைய வளையலோடு, முகம் பூரித்து, மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தாள். அவளைத் தொட்டு மஞ்சள் பூசும்போது என் கையைப் பார்த்துக்கொண்டேன். சாப்பாடு முடிந்ததும் என்னை உள்ளே அழைத்துப் போனாள். கண்ணில் அவ்வளவு சந்தோஷம். வீட்டில் இரண்டு நாளாகச் சண்டை போட்டு, சாப்பிடாமல் இருந்து, சாதித்துவிட்டிருந்தாள். "அத்தை ஒத்துக்கிட்டாங்கம்மா. பெட்டி கட்டிட்டேன். இப்பவே உன்கூட வந்துடறேன்."

வாசலில் கார் நின்றது. கட்டுச்சோறு மூட்டை கட்டி அதில் வைத்தாயிற்று. சம்பந்தியம்மா அறைக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். இரண்டு மாதமாக நான் யாரிடமெல்லாம் இதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு பேசியிருக்கிறேன்!

"வேண்டாம். நீ இங்கயே இரு" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. நான் இன்னும் கோபத்தில் இருக்கிறேன் என்று நினைத்து என் தாடையைப் பிடித்துக் கொஞ்சினாள். நான் திரும்பவும் வேண்டாம் என்றதும் அவள் முகம் மாறிவிட்டது.

"அப்ப அது உண்மைதானா?"

"தெரியல."

"தெரியாமலே வர வேண்டாங்கறியா?"

"தெரியாததாலதான்."

அவள் அழுதாள். சம்பந்தியம்மா உள்ளே வந்து அவளை அணைத்துக்கொண்டார். என்னை ஜெயித்துவிட்ட களை அவர் முகத்தில் இல்லை. என்னைப் பார்க்கவே அவர் கூசினார். பெண் இல்லாமல் அதே காரில் நான் திரும்பினேன். கட்டுச்சோற்றை வழியில் யாருக்கோ கொடுத்துவிட்டேன்.

தையில் பெண் குழந்தை பிறந்தது. கைகால் விரலெல்லாம் பார்த்தேன். நல்ல குழந்தை. சம்பந்தி வீட்டில் விருந்தாளியாகச் சில நாள் தங்கியிருந்தேன். காபி கொடுத்தார்கள், நாற்காலி போட்டார்கள். என் மகளுக்குப் பத்தியச் சோறு போட அவர்கள் அடுப்படியில் எது எங்கே இருக்கிறது என்று கேட்டுக் கேட்டுச் செய்தேன். லேகியம் மட்டும் நான் கிண்டிக் கொண்டுபோனது. அதையும் கேன் தண்ணீரில்தான் கிண்டினேன். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

அப்புறம் எல்லாம் அடங்கிவிட்டது. எந்த வண்டியும் எதையும் கொண்டுவந்து எங்கேயும் புதைக்கவில்லை. அல்லது புதைத்ததை யாரும் பார்க்கவில்லை. நான் எப்படிச் சொன்னாலும் அது கடைசியில் இந்த இரண்டாவது வாக்கியத்தில் வந்துதான் முடிகிறது. கடைத்தெருத் தட்டிகளை மழை கிழித்துவிட்டது. பேசுவதற்கு வேறு விஷயம் வந்துவிட்டது.

போன புரட்டாசியில் ஊர்ப் பெண்கள் வரவில்லை. வடக்கேயிருந்து வந்த ஆட்கள்தான் இப்போது எங்கள் பக்கத்தில் நிறையப் பேருக்கு நடவு நடுகிறார்கள். கயிறு பிடித்து, பாட்டுப் போட்டுக்கொண்டு, ஆணும் பெண்ணுமாக ஓட்டமாக நடுவார்கள். சனி மூலைக்கு வந்தபோது நான் வரப்பில் நின்றிருந்தேன். ஒரு சின்னப் பெண், என் மகளைவிடச் சிறியவள், குழாயை ஒட்டிக் குனிந்தாள். எனக்கு அவள் பாஷை தெரியாது. அவளுக்கு என் பாஷை தெரியாது. வேண்டாம், அங்கே வேண்டாம் என்று கையை ஆட்டினேன். அவள் சிரித்தாள். நெருக்கி நட்டுவிட்டதால் குறை சொல்கிறேன் என்று நினைத்து, நட்டதைப் பிடுங்கி, விரலால் சேற்றை நன்றாகத் துழாவிச் சமன் செய்து, இடைவெளி விட்டு அழகாகத் திரும்ப நட்டாள். சரியா என்பதுபோல் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்வது? எதைக் காட்டி, எது இருக்கிறது என்று சொல்வது? அந்த மூலையில் இந்த வருஷம் கதிர் மற்ற இடத்தைவிட நன்றாகவே பிடித்தது.

பேத்திக்கு இப்போது ஒரு வயது முடிந்துவிட்டது. நடக்கிறாள். இந்த வீட்டுக்கு இன்னும் வந்ததில்லை. யாரும் தடுக்கவில்லை. சம்பந்தியம்மாவே, குழந்தையைக் கொண்டுபோய் நாலு நாள் வைத்துக்கொள்ளுங்களேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். நான்தான் ஒவ்வொரு தடவையும் ஏதாவது சொல்கிறேன். மழை என்பேன். அறுப்புத் தூசி என்பேன். கரண்டு இல்லை, கொசு அதிகம், எனக்கு மூட்டு வலி என்பேன். பார்க்க வேண்டும்போல் இருந்தால் நானே பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்பிவிடுகிறேன். குழந்தை என் புடவையைப் பிடித்துக்கொண்டு விடாமல் அழும். விரலை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு வருவேன்.

நான் இங்கேயே தொடர்ந்து இருக்கிறேன். கேன் தண்ணீரையும் நிறுத்திவிட்டேன். எனக்கு மட்டும் என்றால் பயம் இல்லை. அது வேடிக்கைதான்.

போன வாரம் மகள் போன் செய்தாள். குரல் அமைதியாக இருந்தது. இந்தத் தடவை கிணற்றைப் பற்றி அவள் கேட்கவில்லை. அதை அவள் மறந்தேவிட்டாள் என்று நினைக்கிறேன். "உண்மையச் சொல்லும்மா. நாங்க வர்றது உனக்குப் புடிக்கலையா?"

அப்படியெல்லாம் இல்லை என்று சொன்னால் சாயங்காலத்துக்குள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பாள். அவளை எனக்குத் தெரியும். குழந்தை கொல்லைப்பக்கம் ஓடும். வரப்பில் இறங்கும். மண்ணை எடுத்து வாயில் போடும்.

"ஆமா. புடிக்கல" என்றேன்.

அவள் போனை வைத்துவிட்டாள். இத்தனை நாளாக இங்கே யாரும் அதிகாரி சொன்னதையும் நம்பவில்லை, வாத்தியார் சொன்னதையும் நம்பவில்லை, என் கை தொட்டுச் சொன்னதை நானே நம்பவில்லை. நான் சொன்ன அந்த ஒரு பொய்யை என் மகள் கேட்ட மாத்திரத்தில் நம்பிவிட்டாள்.